கிணத்தடியைக் கீறச் சொன்னோம்: ஒரு விஞ்ஞான வகுப்பின் நிகழ்வு ஆய்வு

இரண்டாம் வருடப் பிள்ளைகளிடம், நிலத்துக்குக் கீழே நிற்கிற நன்னீர் வில்லை என்றால் என்ன என்று ஒரு கேள்வி கேட்டிருந்தேன். ஆங்கிலத்தில் ஐந்தாறு வரி விடை வந்தது, அதுவும் கிட்டத்தட்ட எல்லாரிடமிருந்தும் ஒரே விடை: கடல்நீரைவிட நன்னீருக்கு அடர்த்தி குறைவு, அதனால் உவர்நீருக்கு மேலே மிதக்கிறது, வில்லை வடிவில் இருக்கிறது, அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலே வரும். புள்ளி குறைக்க ஓரிடமும் இல்லை. அடுத்த கிழமை, விடைகள் இப்படி அச்சடித்த மாதிரி இருப்பதில் வந்த எரிச்சலில்தான் என்று வையுங்கள், வெற்றுத்தாள் கொடுத்து அதையே படமாகக் கீறச் சொன்னேன். ஒரு பையன், உயர்தரப் பௌதிகவியல் கொப்பியில் கீறுவது போலவே, இரண்டு பக்கமும் குவிந்த கண்ணாடி வில்லை ஒன்றை மண்ணுக்குள் செங்குத்தாக நட்டு வைத்திருந்தான். தலைமை அச்சும் குவியப் புள்ளியும்கூட இருந்தன. எழுத்து விடைக்கு முழுப் புள்ளி எடுத்த பையன்.

முதலில் சிரிப்புத்தான் வந்தது. மற்றத் தாள்களைப் பார்க்கப் பார்க்கச் சிரிப்பு நின்றுவிட்டது. சிலவற்றில் நிலத்துக்குக் கீழே ஆறு ஓடியது, அலை எல்லாம் போட்டு. இன்னொன்றில் பெரிய குகைக்குள் ஒரு குளம், அதற்குள் கிணறு குழாய் மாதிரி இறங்குகிறது. வேறு சிலர் கிணற்றை மட்டும் கீறி, கிணற்றுக்குள் தண்ணீரை நிரப்பி, சுற்றிவர வெறும் வெள்ளைத் தாளாக விட்டிருந்தார்கள். கடலைக் கீறியவர்கள் மூன்றே பேர். யாழ்ப்பாணக் குடாநாட்டில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள், வீட்டிலிருந்து எந்தப் பக்கம் சைக்கிளை மிதித்தாலும் கொஞ்ச நேரத்தில் கடலோ கடனீரேரியோ முன்னுக்கு வந்து நிற்கும், ஆனால் நல்லதண்ணி எதன் மேல் நிற்கிறது என்று கீறும்போது கடல் அவர்களுக்கு ஞாபகம் வரவில்லை.

அதற்குப் பிறகு நடந்த ஏழு கிழமைகளைத்தான் இங்கே எழுதுகிறேன். சரிவந்ததையும் சரிவராததையும் சேர்த்து.

படிப்பிக்கும் இடத்தின் பெயர் தேவையில்லை. எங்கள் ஊரில் கல்லூரி என்றதும் பள்ளிக்கூடம்தான் ஞாபகம் வரும் என்பதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: இவர்கள் உயர்தரம் முடித்து வந்து சுற்றாடல் விஞ்ஞானம் படிக்கிறவர்கள், வகுப்பில் 26 பேர். பள்ளிக்கூடத்தில் எல்லாமே தமிழில் படித்துவிட்டு இங்கே வந்ததும் விரிவுரை, குறிப்பு, பரீட்சை எல்லாம் ஆங்கிலமாகிவிடுகிறது. மானிப்பாயில் அமெரிக்க மிஷன் மருத்துவர் கிறீன் 1860களிலேயே மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்து, அதற்கான பாடநூல்களையும் தமிழில் ஆக்கிக் கொடுத்த மண் இது, அந்தப் பெருமையை மேடையில் பேசுகிற நாங்களேதான் அடுத்த நாள் வகுப்பில் ஆங்கிலக் குறிப்பைச் சொல்லி எழுத வைக்கிறோம். மொழிதான் பிரச்சினை என்று நானும் பல வருடம் நினைத்திருந்தேன். அரைவாசி சரி. தெரியாத மொழியில் ஒரு வசனத்தைப் பாடமாக்கினால் அது உள்ளே ஒன்றோடும் ஒட்டாமல் அப்படியே கிடக்கும், பரீட்சையன்று முழுசாக வெளியே வரும். 'லென்ஸ்' என்றதும் பையனுக்குத் தெரிந்த ஒரே லென்ஸ் பௌதிகவியல் லென்ஸ். தமிழில் 'வில்லை' என்று சொல்லிக் கற்பூர வில்லையைக் காட்டியிருந்தால் நிலத்தடித் தண்ணீருக்கு அது இன்னும் கிட்ட வந்திருக்கும். தட்டையாக, நடுவில் கொஞ்சம் தடித்து, ஓரத்தில் மெலிந்து.

ஆனால் தமிழில் சொல்லியிருந்தாலும் ஆற்றைக் கீறினவர்கள் ஆற்றைத்தான் கீறியிருப்பார்கள் என்று இப்போது நினைக்கிறேன்.

படம் கீறுவது விஞ்ஞான வகுப்புக்குப் புதுசு இல்லை. செய்முறைக் கொப்பி முழுக்கப் படம்தான். ஆனால் அந்தப் படங்கள் எங்கிருந்து வருகின்றன என்பது எல்லாருக்கும் தெரியும்: போன வருடத்து அக்காவின் கொப்பியிலிருந்து. நுணுக்குக்காட்டியில் வளிக்குமிழியைப் பார்த்துவிட்டு, கொப்பியில் அழகான வெங்காயத் தோல் கலங்களைக் கீறி, கரு, கலச்சுவர் எல்லாம் பெயரிட்டுத் தருவார்கள். நாங்களும் கண்டும் காணாமல் ஒப்பம் வைப்போம். எனவே பிள்ளைகளுக்குக் கீறத் தெரியாது என்பதில்லை, பார்த்துக் கீறும் பழக்கம் போய்விட்டது. எனக்கும் அது இருக்கவில்லை என்பதை முதல் வகுப்பிலேயே கண்டுகொண்டேன்.

எங்கள் ஒழுங்கையில் ஓய்வுபெற்ற சித்திர ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். ஊருக்கே சித்திர மாஸ்டர். அவரிடம் போய், வகுப்புக்கு வந்து கொஞ்சம் படம் கீறப் பழக்குவீர்களா என்று கேட்டேன். என் மனதில் இருந்தது சின்ன விடயம்: பிள்ளைகள் நேர்த்தியாகக் கீறவேண்டும், நிறம் சரியாகத் தீட்டவேண்டும், சுவரில் ஒட்டினால் பார்க்க வடிவாக இருக்கவேண்டும். மாஸ்டர் ஒரு நிபந்தனை போட்டார். முதல் இரண்டு கிழமை நிறமும் இல்லை, அடிமட்டமும் இல்லை, அழிறப்பரும் இல்லை.

முதல் நாள் ஆளுக்கொரு முருகைக்கல்லைக் கொடுத்தார். வீட்டு மதில் கட்டுகிற அதே கல். ஒரு மணித்தியாலம் அந்தக் கல்லை மட்டும் கீறவேண்டும், கண் தாளில் இருக்கக்கூடாது, கல்லில் இருக்கவேண்டும். பத்து நிமிடத்தில் பாதிப் பேர் முடித்துவிட்டோம் என்று பென்சிலை வைத்துவிட்டார்கள், நானும்தான். மாஸ்டர் ஒரு பையனின் தாளைத் தூக்கிப் பார்த்தார்.

"தம்பி, உமக்குக் கல் எண்டா என்னெண்டு தெரியும், அதைக் கீறியிருக்கிறீர். இந்தக் கல்லை இன்னும் பாக்கேல்லை நீர். இதில எத்தினை ஓட்டை இருக்கு?"

பையன் எண்ணத் தொடங்கினான். எண்ணி முடிக்க முடியவில்லை. ஊசி முனை போகிற ஓட்டையிலிருந்து பெருவிரல் போகிற ஓட்டை வரை இருந்தது, ஒன்றுக்குள் இன்னொன்று போனது, ஒரு பக்கத்தால் ஊதினால் மறுபக்கத்தால் காற்று வந்தது. ஊதிப் பார்த்தது ஒரு பிள்ளையின் சொந்த யோசனை, நான் சொல்லிக்கொடுக்கவில்லை. சுண்ணக்கல்லின் நுண்டுளைமை பற்றி ஒரு முழு விரிவுரை செய்திருந்தேன், சதவீதம் எல்லாம் சொல்லி. இந்த ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகுதான் எனக்கே அந்தச் சொல் எதைச் சொல்கிறது என்று கையில் பட்டது.

இந்த இடத்தில் பிள்ளைகளுக்கு ஒரு கதை சொன்னேன், நல்லாக எடுபட்டது. 1609ஆம் ஆண்டு இங்கிலாந்தில் தோமஸ் ஹரியட் தொலைநோக்கியால் சந்திரனைப் பார்த்துப் படம் கீறினார், கலிலியோவுக்குச் சில மாதம் முந்தியே. ஒளியும் இருளும் பிரிகிற கோடு கரடுமுரடாக இருப்பதை அவர் கண்டார், கீறினார், ஆனால் அது என்னவென்று அவருக்குப் பிடிபடவில்லை. கலிலியோ சித்திரப் பயிற்சி உள்ளவர், ஒரு உருண்டையில் மேடு இருந்தால் நிழல் எந்தப் பக்கம் விழும், பள்ளம் இருந்தால் எந்தப் பக்கம் விழும் என்று கைக்குத் தெரிந்தவர். அதே ஆண்டின் கடைசியில் அவர் பார்த்தபோது அந்தக் கரடுமுரடு மலையாகவும் பள்ளமாகவும் தெரிந்தது. 1610இல் அவருடைய படங்கள் அச்சில் வந்தன, அவற்றைக் கண்ட பிறகு ஹரியட் கீறிய சந்திரனிலும் பள்ளங்கள் வந்துவிட்டன. கலிலியோவின் கண்ணாடி இன்னும் பெரிதாக்கிக் காட்டியது உண்மைதான், ஆனால் இரண்டு பேருக்கும் சந்திரன் ஒன்றுதான். மாஸ்டருக்கு இந்தக் கதை தெரியாது, கேட்டுவிட்டு, "அப்ப பாருங்கோ" என்று மட்டும் சொன்னார். அன்று முழுக்க அவர் முகத்தில் ஒரு பெருமை.

இரண்டாவது வேலைதான் முழு நிகழ்வுக்கும் மையம். வீட்டுக்குப் போய் உங்கள் கிணற்றை ஒரு வெட்டுமுகமாகக் கீறிக்கொண்டு வாருங்கள், பூசணிக்காயை இரண்டாகப் பிளந்தது போல வளவையே பிளந்து பார்க்கிற படம். கயிற்றில் கல்லைக் கட்டி ஆழத்தை அளக்கவேண்டும், தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது, எதுவரை கட்டு இருக்கிறது, எங்கே கல் தொடங்குகிறது, வளவில் வேறு என்ன இருக்கிறது எல்லாம் வரவேண்டும். கிணறு இல்லாத வீட்டுப் பிள்ளைகள் அயல்வீட்டுக் கிணற்றைக் கீறலாம். தீவகத்துப் பிள்ளை ஒருத்தி, எங்கள் கிணறு சவர், குடிக்கிற தண்ணி பவுசரில் வருகிறது, எதைக் கீறுவது என்று கேட்டாள். இரண்டையும் கீறச் சொன்னேன். அந்தப் படம் பிறகு வகுப்பில் பலமுறை எடுத்துப் பேசப்பட்டது.

படங்கள் வந்தன. கிணறுகள் அருமை, துலா போய் ஆடுகால் மட்டும் மிஞ்சி நிற்கிற கிணறு, மோட்டர் பூட்டிய கிணறு, பாசி பிடித்த கட்டு, வாழைக்குப் போகிற வாய்க்கால், பாட்டி கால் கழுவுகிற கல் எல்லாம் இருந்தன. மாஸ்டர் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனவர் திடீரென்று கேட்டார்:

"பிள்ளையள், உங்கட வீடு ஒண்டிலயும் மலசலகூடம் இல்லையோ?"

வகுப்பு வெடித்துச் சிரித்தது. 26 படத்தில் ஒன்றில்கூட இல்லை. ஒருவரும் வேண்டுமென்று மறைக்கவில்லை, படம் என்றால் வடிவானதைக் கீறவேண்டும் என்ற நினைப்பு, அவ்வளவுதான். குழியைக் கீறி, அதிலிருந்து கிணற்றுக்கு எத்தனை அடி என்று அளந்து எழுதிக்கொண்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பினோம். அடுத்த கிழமை வந்த படங்களில் சிரிப்பு இருக்கவில்லை. முன்பு கீறிய அதே ஓட்டைக் கல், அதற்குள் ஒரு பக்கம் குழி, மறுபக்கம் கிணறு, நடுவில் சில இடங்களில் சில மீற்றர்தான். பக்கத்து வளவுக் குழி தங்கள் வீட்டுக் குழியைவிடக் கிணற்றுக்குக் கிட்ட இருப்பதை இரண்டு பேர் கண்டுபிடித்துக்கொண்டு வந்தார்கள். வலிகாமத்துத் தோட்டக் கிணறுகளில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் சொல்லும் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற அளவைத் தாண்டுவது பற்றி நான் வருடாவருடம் சொல்வேன், வெங்காயத்துக்குப் போடுகிற உரம், மலக்குழி என்று காரணமும் சொல்வேன். ஒரு பிள்ளையும் ஒரு கேள்வியும் கேட்டதில்லை. இந்தமுறை வகுப்பு முடிய ஒரு மணித்தியாலம் பிந்தியது.

அடுத்தது அளவுத்திட்டம். இதை நான் கொஞ்சம் விரித்தே சொல்லவேண்டும், ஏனென்றால் எனக்கு இதில்தான் அதிகம் கிடைத்தது.

நன்னீரின் அடர்த்தி 1.000, கடல்நீரின் அடர்த்தி 1.025 என்று எடுத்தால், இந்தச் சின்ன வித்தியாசத்தால், கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் எவ்வளவு உயரம் நிற்கிறதோ அதைப்போல 40 மடங்கு கடல்மட்டத்துக்குக் கீழே இருக்கவேண்டும். ஒல்லாந்துப் பொறியியலாளர் கைபன் 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் ஜேர்மனியின் ஹேர்ஸ்பேர்க் 1901இலும் தனித்தனியே சொன்ன கணக்கு இது. கிணற்றில் நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு அரை மீற்றர் மேலே என்று வைத்துக்கொள்வோம், அப்போ கீழே 20 மீற்றர். இதே கணக்கு மறுபக்கமும் ஓடும்: நீர்மட்டம் ஒரு சாண் இறங்கினால், காலப்போக்கில் கீழேயிருந்து உவர் 40 சாண் ஏறப் பார்க்கும். இந்தக் கணக்கை எல்லாப் பிள்ளைகளும் செய்வார்கள். பாடநூல் படத்தில் வில்லை தடித்துக் கொழுத்து, பக்கத்தின் பாதியைப் பிடித்துக்கொண்டு இருக்கும்.

மாஸ்டர் கேட்டது ஒரே கேள்வி, அளவுத்திட்டம் என்ன என்று. எனக்குப் பதில் இல்லை, பாடநூலிலும் இல்லை. சரி, நாங்களே கீறுவோம் என்று தொடங்கினோம். வடக்கே கீரிமலைக் கரையிலிருந்து தெற்கே யாழ்ப்பாணக் கடனீரேரிக் கரை வரை நேர்கோட்டில் சுமார் 17 கிலோமீற்றர். ஒரு கிலோமீற்றருக்கு ஒரு சென்ரிமீற்றர் என்று போட்டால் ஒரு சாதாரணத் தாளில் 17 சென்ரிமீற்றராக அடங்கும். இனி 20 மீற்றர் தண்ணீரைக் கீறு. கணக்குப் பார்த்தால் 0.2 மில்லிமீற்றர். பிள்ளைகள் கையில் இருந்த பென்சிலின் ஈயம் 0.5 மில்லிமீற்றர். நிலத்தைக் காட்டக் கீறுகிற கோடே அதற்குக் கீழே இருக்கிற மொத்தத் தண்ணீரையும் மூடிவிடுகிறது, கீற இடமில்லை. வகுப்பில் ஒரு சத்தமும் இல்லை. பின்வாங்கிலிருந்து ஒரு பையன், "சேர், அப்ப இவ்வளவுதானா?" என்றான்.

விடவில்லை. பிறவுண் பேப்பரை ஒட்டி ஒட்டி 17 மீற்றர் நீளத்துக்கு விறாந்தையில் விரித்தோம், ஒரு கிலோமீற்றருக்கு ஒரு மீற்றர். இப்போது தண்ணீர் 2 சென்ரிமீற்றர். அதே அளவுத்திட்டத்தில் பனைமரம் கீறிப் பார்த்தார்கள், அதுவும் கிட்டத்தட்ட 2 சென்ரிமீற்றர்தான் வருகிறது. ஆக, குடாநாட்டின் நல்லதண்ணி நடுவில் ஒரு பனை உயரம், இரண்டு கரையிலும் ஒன்றுமில்லாமல் மெலிந்து போகிறது. தரைக்கு மேலே பனை, தரைக்குக் கீழே தலைகீழாக இன்னொரு பனை, அந்தக் கீழ்ப்பனையின் அடியில் உப்பு. யார் முதலில் அப்படிச் சொன்னார்கள் என்று ஞாபகமில்லை, ஆனால் பிறகு எல்லாரும் அப்படித்தான் பேசினார்கள், ஒரு பனைத் தண்ணி, முக்காற்பனைத் தண்ணி என்று. இரண்டு நாள் அந்தப் பேப்பர் விறாந்தையில் கிடந்தது, மூன்றாம் நாள் கூட்டுகிற அம்மா சுருட்டி மூலையில் வைத்துவிட்டார், அவரைக் குறை சொல்லமுடியாது.

நிறம் தீட்டத் தொடங்கும் முன் ஒரு மீன்தொட்டியில் செய்து பார்க்க ஆசைப்பட்டேன். கண்ணாடித் தொட்டியில் மணல், லீற்றருக்கு 35 கிராம் ஆனையிறவு உப்புக் கரைத்துச் சிவப்புச் சாயம் விட்ட தண்ணீர், மேலே நடுவில் நீலச் சாயம் விட்ட நன்னீரை மழையாக ஊற்றவேண்டும். முதல்முறை குவளையால் ஊற்றி எல்லாம் ஒரே ஊதாவாகிப் போனது. மணலைக் கழுவிக் காயவைக்க இரண்டு நாள். இரண்டாம்முறை மருந்துக் கடையில் சேலைன் ஏற்றுகிற குழாய் வாங்கிச் சொட்டுச் சொட்டாக விட்டோம், மத்தியானம் தொடங்கியது மாலையில் ஒரு நீல வில்லையாகத் தெரிந்தது. பிறகு ஒரு பிள்ளை மேலிருந்து ஊசிக்குழலால் நீலத்தை இழுக்க இழுக்க, ஊசிக்கு நேர் கீழே சிவப்பு ஒரு கூம்பாக எழும்பியது. கைபேசிகள் எல்லாம் வெளியே வந்துவிட்டன.

இதைப் பார்த்துக் கீறும்போதுதான் எல்லைக்கோடு பற்றிய சண்டை வந்தது. பாடநூலில் நன்னீருக்கும் உவர்நீருக்கும் நடுவில் கத்தியால் வெட்டியது போல ஒரு கோடு. தொட்டியில் கோடு இல்லை, நீலம் மெல்ல ஊதாவாகி ஊதா மெல்லச் சிவப்பாகிறது. மாஸ்டர் ஈரத்தாளில் ஈர நிறத்தைப் பரவவிடக் காட்டிக்கொடுத்தார், தாளை முதலில் நனைத்து, மேலிருந்து நீலமும் கீழிருந்து சிவப்பும் விட்டுச் சரித்துப் பிடிக்கவேண்டும், பிறகு அது தன்பாட்டில் கலக்கும். பிள்ளைகளின் கை பழகப் பழக, கலப்பு வலயம் என்ற சொல்லை நான் சொல்லவேண்டிய தேவையே வரவில்லை, அவர்களே இதற்கு என்ன பெயர் என்று கேட்டார்கள். கைபன் கணக்கு ஒரு கூர்மையான எல்லையை எடுத்துக்கொள்கிறது, நிஜத்தில் அப்படி இல்லை என்பதை ஒரு தூரிகை சொல்லிவிட்டது.

அதே தூரிகை பொய்யும் சொல்லியது. கடல்நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 19,000 மில்லிகிராம் குளோரைட்டு இருக்கிறது. நாக்குக்கு உப்புத் தெரியத் தொடங்குவது 250 அளவில். அப்படியென்றால் 100 லீற்றர் நல்லதண்ணியில் 2 லீற்றர் கடல்நீர் கலந்தாலே 380, குடிக்கச் சரிவராது. 98 பங்கு நீலத்தில் 2 பங்கு சிவப்பு விட்டுப் பார்த்தோம், நீலம் நீலமாகவே இருந்தது. படத்தில் ஊதா தொடங்குகிற இடத்துக்கு எத்தனையோ மேலேயே தண்ணீர் கெட்டுவிட்டது, கண்ணுக்குத் தெரியவில்லை. இதற்குப் படம் உதவாது, குளோரைட்டை அளக்கிற நியமிப்புத்தான் உதவும், பொற்றாசியம் குரோமேற்று மஞ்சளில் வெள்ளி நைத்திரேற்றை விட்டுச் செங்கட்டி நிறம் வரும்வரை எண்ணவேண்டும். அந்தக் கிழமை ஒருவரும் செய்முறைக்கு வராமல் விடவில்லை. சித்திரத்தை விஞ்ஞான வகுப்புக்குள் கொண்டுவருகிறவர்கள் இந்தப் பக்கத்தை அதிகம் பேசுவதில்லை. நல்ல படம் ஒன்று பார்க்கிறவனை நம்பவைத்துவிடும், அதுதான் அதன் ஆபத்து.

என்னையும் நம்பவைத்தது. வகுப்பில் ஒரு பையன் பிரமாதமாகக் கீறுவான், நடிகர்களின் முகம் எல்லாம் அச்சாகக் கீறி முகநூலில் போடுகிறவன். அவன் தந்த வெட்டுமுகம் ஒரு ஓவியம், ஒளி நிழல், பனைமரத்தின் சொரசொரப்பு, தண்ணீரில் வானம். அதிகப் புள்ளி போட்டுவிட்டேன். மாஸ்டர்தான் பிறகு சொன்னார், உவன்ர கிணறு சிவப்புக்குள்ள நிக்குது, கவனிக்கேல்லையோ என்று. பார்த்தால் உண்மை, கிணற்றின் அடி உவர்நீருக்குள் இருக்கிறது, அவன் எழுதியிருப்பதோ நல்லதண்ணிக் கிணறு என்று. கோணல்மாணலாகக் கீறிச் சரியான இடத்தில் கிணற்றை நிறுத்திய பிள்ளைக்கு அவனைவிடக் குறையப் போட்டிருந்தேன். இரண்டையும் மாற்றினேன், பையனுக்குக் கோபம், நியாயமான கோபம்.

அதிலிருந்து ஒரு ஒழுங்கு கொண்டுவந்தோம். புவிச்சரிதவியலாளர்கள் தங்கள் வரைபடத்தில் நிச்சயமாகத் தெரிந்த எல்லைக்கு முழுக்கோடும், ஊகித்த எல்லைக்கு முறிகோடும், மேலே மண் மூடிக்கிடப்பதற்குப் புள்ளிக்கோடும் போடுவார்கள். அதை எங்கள் தேவைக்குக் கொஞ்சம் வளைத்தோம்: கண்ணால் கண்டது, அளந்தது முழுக்கோடு. கணக்குப் பார்த்து ஊகித்தது முறிகோடு. ஆரோ சொல்லக் கேட்டது புள்ளிக்கோடு. படத்தில் ஒவ்வொரு கோட்டுக்கும் இது எப்படித் தெரியும் என்று கேட்டால் பதில் இருக்கவேண்டும், வடிவுக்குப் புள்ளி இல்லை. நடிகர் கீறுகிற பையனின் அடுத்த படத்தில் முழுக்கோடு மிகக் கொஞ்சம்தான் இருந்தது. நிலத்துக்குக் கீழே எல்லாருக்கும் அப்படித்தான்.

இனி என் சிவப்புப் பேனாக் கதை. முதல் நாளிலேயே நிலத்தடி ஆறு கீறியவர்களில் ஒருத்தி புத்தூர்ப் பக்கம். கடைசிப் படத்திலும் அவள் ஆற்றை விடவில்லை, நிலாவரைக் கிணற்றின் அடியிலிருந்து கீரிமலை வரை கல்லுக்குள்ளால் ஒரு பாதை கீறியிருந்தாள். நான் குறுக்கே வெட்டி, நிலத்தடி நீர் ஆறாக ஓடாது, கல்லின் துளைகளுக்குள் கசிந்து நகரும் என்று எழுதினேன். அவள் படத்தோடு வந்தாள்.

"சேர், நிலாவரைக்குள்ள எலுமிச்சம்பழம் போட்டா கீரிமலையில மிதக்குமெண்டு அம்மம்மா சொல்லுறவ. அதுதான் புள்ளிக்கோடு போட்டனான்."

பார்த்தேன், புள்ளிக்கோடுதான். கேட்டது என்று அவள் ஒழுங்காகக் குறித்திருக்கிறாள். அப்புறம் அவள் முதல் நாள் கீறிய முருகைக்கல் படத்தை எடுத்து வைத்தாள், பெருவிரல் போகிற ஓட்டையைக் காட்டி, இது பெரிசாக இருக்கக்கூடாதா என்று கேட்டாள்.

இருக்கலாம். இருக்கிறது. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள காபனீரொட்சைட்டை எடுத்து மெல்லிய அமிலமாகிச் சுண்ணக்கல்லைக் கரைத்துக் கரைத்து வெடிப்பைப் பிளவாகவும் பிளவைக் குகையாகவும் ஆக்குகிறது, நிலாவரையே அப்படிக் கூரை விழுந்த ஒரு குகைதான், மேலே நல்லதண்ணி, ஆழத்தில் உவர். கைபன் கணக்கு நிலத்தை எங்கும் ஒரே சீரான மணல் போல நினைத்துக்கொள்கிறது, எங்கள் கல் அப்படி இல்லை, துளைக்குள் கசிவதும் உண்டு, பாதைக்குள் ஓடுவதும் உண்டு. முதல் நாள் ஆறு கீறினவர்களைப் பார்த்து நான் தலையில் கைவைத்தேனே, அவர்கள் முழுப் பிழை இல்லை. பாடநூலின் மணல் படத்தை நான் பாடமாக்கி வைத்திருந்தேன், பிள்ளைகள் ஐந்து வரியைப் பாடமாக்கியது போலவே. எலுமிச்சம்பழம் போனதா என்பது வேறு கதை. வெட்டியதை அழிக்கமுடியாது, பக்கத்தில் 'மன்னிக்கவும்' என்று எழுதிப் புள்ளியைத் திருத்தினேன்.

முடிவு என்று சொல்ல, கடைசிக் கிழமை அதே கேள்வியை அதே வெற்றுத்தாளில் மறுபடி கேட்டேன். கடல் எல்லாப் படத்திலும் வந்துவிட்டது. வில்லையை நட்டு வைத்த பையன் அதைப் படுக்கப் போட்டுவிட்டான், ஓரத்தில் குவியப் புள்ளியை மட்டும் சும்மா பகிடிக்கு விட்டிருந்தான். கலப்பு வலயத்தைப் பெரும்பாலானோர் காட்டினார்கள். ஆனால் மழை பெய்தால் வில்லைக்கு என்ன ஆகும், ஒக்ரோபரிலிருந்து டிசெம்பர் வரை கொட்டுகிற மழை முடிய அது எவ்வளவு தடிக்கும், அடுத்த ஆவணிக்குள் எவ்வளவு மெலியும் என்று கேட்டால் பாதிப் பேர் அசையாத ஒரே படத்தையே திருப்பித் தந்தார்கள். காலத்தைக் கீற நாங்கள் பழக்கவில்லை. இன்னொரு வகுப்போடு ஒப்பிட்டுப் பார்க்கவும் இல்லை, ஆகவே படத்தால்தான் இது நடந்தது என்று அடித்துச் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை, ஏழு கிழமை ஒரே விடயத்தைப் பேசினாலே கொஞ்சம் விளங்கத்தான் செய்யும். அந்த ஏழு கிழமையில் இரண்டு அத்தியாயம் தவறிப்போய், கடைசியில் வேகவேகமாகச் சொல்லி முடித்தேன். இரண்டு மூன்று பேருக்கு இந்த வேலை கடைசிவரை பிடிக்கவே இல்லை, நாங்கள் என்ன நேசரிப் பிள்ளையளோ என்று ஒருத்தி முகத்துக்கு நேரே கேட்டாள்.

அலுவலகத்தில் அடுத்த தொகுதிக்கு நிறப்பெட்டியும் தூரிகையும் வாங்கக் காசு ஒதுக்கித் தந்திருக்கிறார்கள், படங்கள் சுவரில் நன்றாக இருக்கிறதாம். நான் கேட்டது தண்ணீரின் உப்பைக் கண்டுபிடிக்க மின்கடத்துதிறன் அளக்கிற மானி. அது அடுத்த வருடம் பார்க்கலாமாம்.

மாஸ்டருக்கு இப்போது வேறு அவசரம். பிள்ளைகளை நிலாவரைக்கே கூட்டிக்கொண்டு போய், மீற்றருக்கு ஒரு போத்தலாகத் தண்ணீர் எடுத்து, எந்த மீற்றரில் சவர் தொடங்குகிறது என்று பார்த்து, அங்கேயே இருந்து கீறவேண்டும் என்கிறார். பஸ்ஸுக்குக் கடிதம் கொடுத்து மூன்று கிழமை. அவர் நீளமான கயிறு வாங்கி, மீற்றருக்கு ஒரு முடிச்சாகப் போட்டு, சைக்கிள் ஹாண்டிலில் சுற்றி வைத்திருக்கிறார்.